மாற்றி வைத்த இரண்டு வயர்கள்

இரண்டு மணி நேரத்தில் நீங்களே மாட்டிக்கொள்ளலாம் என்று அந்த அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. கூடவே ஒருவன் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம். சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, முட்டியில் ஒரு சிராய்ப்பு இல்லை. அந்த ஆளை மட்டும் எங்கேயாவது பார்த்தால் கையோடு கூட்டிவந்து எங்கள் குவார்ட்டர்ஸ் ஷெட்டில் மூன்று நாள் குத்தவைத்து உட்கார வைப்பேன். அதற்குப் பிறகும் சிரிக்கிறானா என்று பார்க்க வேண்டும்.

பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் நான் சூப்பர்வைசர். பறித்து வரும் பச்சை இலையைக் காற்றில் வாட்டும் மாடிதான் என் பகுதி. என் வண்டி நானூறு சிசி டூரிங் பைக். மூன்று வருடத்துக்கு முன் கம்பம்மெட்டில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் பழையதாக வாங்கியது. பெரிய டேங்க், முன்னால் உயரமான கண்ணாடி, பின்னால் பெட்டி மாட்டக் கம்பி. என் மனைவி அதற்கு வைத்த பெயர் ‘உங்க மூத்த சம்சாரம்’. அவள் சொல்வதில் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முதலில் குளிப்பாட்டுவது அதைத்தான்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று என் மகள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஏறிப் பூப்பாறை வரை ஒரு சுற்று வந்தாள். இறங்கியதும், “அப்பா, நான் காலேஜுக்குப் போறப்ப என்னைய இதுலதான் கொண்டுபோய் விடணும். பஸ்ஸுல எல்லாம் போக மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றாள். அதை நான் பத்திரம் எழுதிப் பதிவு செய்ததுபோல மனதில் வைத்திருந்தேன். இப்போது அவளுக்குக் கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஹாஸ்டலில் இருக்க வேண்டும். ஞாயிறு விடியும்போது கிளம்பி, மூணாறு, மறையூர், உடுமலை வழியாக இறங்கி, சாயங்காலம் போய்ச் சேர்வதென்று திட்டம். அப்பாவும் மகளும் மட்டும். அவள் அம்மா பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் பின்னால் வருவாள். மகள் நான்கு வருடம் படித்துவிட்டு அப்படியே வேலைக்கும் போய்விடுவாள், அதன் பிறகு என் வண்டியின் பின்சீட்டில் அவள் உட்காரப்போவதே இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த ஒரு பயணம் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் அது ஆடி மாதம். தேவிகுளத்துப் பக்கம் காலை எட்டு மணிக்குக்கூட மூடுபனி ரோட்டை விட்டு எழுந்திருக்காது. வண்டியின் சொந்த விளக்கு வெள்ளை வெளிச்சம். பனியில் அது ரோட்டைக் காட்டாது, பனியைத்தான் காட்டும். ஆகவே மஞ்சள் வெளிச்சம் தரும் ஃபாக் லைட் இரண்டு. வழி பார்க்க ஃபோன் வேண்டும், ஃபோனுக்குச் சார்ஜ் வேண்டும், ஆகவே ஹேண்டிலில் ஒரு சார்ஜர். வளைவில் எதிரே வரும் லாரிக்காரனுக்குக் காது கேட்க வேண்டும், ஆகவே இரட்டை ஹாரன். எல்லாம் ஒரே பெட்டியில் வந்தது. வியாழன் முதல் சனி வரை மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஷெட்டில் இறங்கினேன்.

“நெடுங்கண்டத்துல கொடுத்தா ஒரு மத்தியானத்துல மாட்டித் தந்துருவாங்கல்ல?” என்று மனைவி கேட்டாள்.

“இருபத்திரண்டு வருஷமா ஃபேக்டரியில மோட்டாரோட குடும்பம் நடத்துறவன் நான். எனக்கு ரெண்டு லைட்டு மாட்டத் தெரியாதா?” என்றேன்.

உண்மையில் மோட்டார்களோடு குடும்பம் நடத்துகிறவர் எங்கள் எலக்ட்ரீஷியன். நான் அவர் பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பவன். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் எல்லாருக்கும் அப்படி ஒரு நினைப்பு இருக்கும்.

வியாழக்கிழமை முழுவதும் சீட்டையும் பக்கத்து மூடிகளையும் கழற்றுவதிலேயே போயிற்று. அந்த மூடிகளை வண்டியோடு பிடித்து வைத்திருப்பவை பட்டாணி அளவு பிளாஸ்டிக் கொக்கிகள். எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பது அவற்றைச் செய்தவனுக்கு மட்டும் தெரியும். முதலாவது உடைந்தபோது, ஒன்றுதானே என்று விட்டேன். இரண்டாவது உடைந்தபோது வாய்விட்டுத் திட்டினேன். மூன்றாவது உடையவில்லை, எகிறிப்போய்ச் சாக்கடையில் விழுந்து, தண்ணீரோடு தேயிலைக்குள் போய்விட்டது. வெளியே மழை நிற்கவே இல்லை. தகரக் கூரையின் மேல் அது கொட்டுகிற சத்தத்தில் நான் திட்டியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அது ஒன்றுதான் நல்லதாக நடந்தது.

பிறகு பேட்டரி. அதன் முனையில் ஒரு சின்னச் சதுர நட்டு. போல்ட்டைக் கழற்றியதும் அது நழுவி விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பேட்டரியை வெளியே எடுத்தேன். பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவினேன். இதைக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் செய்யக்கூடாதா என்று எட்டிப் பார்த்துவிட்டு மனைவி உள்ளே போனாள். மகள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த யானைப் பொம்மையைக் கம்பியில் கட்டி முக்கால் மணி நேரம் மீன் பிடித்தேன். கடைசியில் சாப்பிடக் கூப்பிட்டார்களே என்று எழுந்தபோது நட்டு என் கைலி மடிப்பிலிருந்து தரையில் விழுந்தது. மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வயர் இழுக்கும் வேலை. பெட்டியோடு வந்த தாளில் இருந்த படத்துக்கும் என் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. எழுத்து எறும்பு அளவு. எனக்கு இந்தச் சித்திரையோடு நாற்பத்தெட்டு முடிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தாலும் எறும்பு எறும்பாகத்தான் இருந்தது. டேங்கைத் தூக்கி அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து, ஹேண்டில் சுவிட்சிலிருந்து பேட்டரி வரை வயரைக் கொண்டுவந்து, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு பட்டை போட்டுக் கட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. எழுந்து ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினேன். ஹாரன் அலறியது. வயர் நீளம் பற்றவில்லை, திருப்பினால் சுவிட்சையே இழுக்கிறது. லட்சணமாகக் கட்டிய பதினாறு பட்டைகளையும் வெட்டினேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டாம் தடவையாக எல்லாம் முடிந்தது. வீட்டில் இருந்த இரண்டு பேரையும் ஷெட்டுக்கு அழைத்தேன். சாவியைத் திருப்பி, சுவிட்சைத் தட்டினேன். எரியவில்லை. மறுபடி தட்டினேன். எரியவில்லை. எதற்கும் பார்ப்போம் என்று ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டே வந்தபோது, இடது இண்டிகேட்டரைப் போட்டதும் ஃபாக் லைட் இரண்டும் உயிர் பெற்று ஷெட் சுவரைப் பார்த்துக் கண்ணடித்தன. நிறுத்தினால் நின்றன. போட்டால் மறுபடி கண்ணடித்தன. விளக்கை எரியச் சொல்கிற வயரை நான் இண்டிகேட்டர் வயரில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன்.

“அப்பா, கோயமுத்தூர் வரைக்கும் லெஃப்டுலயே திரும்பிட்டுப் போவோமா?” என்றாள் மகள்.

இப்போது நினைத்தால் நல்ல கிண்டல்தான். அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. “எல்லாம் யாருக்காகடீ செய்யிறேன்? ரெண்டு நாளா முதுகு ஒடியுது, நீ பல்லக் காட்டுறியா? போ உள்ள!” என்று கத்தினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போனாள். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பின்னாலேயே போனாள். வீட்டை விட்டுப் போகப்போகிற பிள்ளையை, போவதற்கு முதல் நாளுக்கு முதல் நாள் திட்டியிருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி வயரைப் பிரித்தேன்.

இருட்டுவதற்குள் வயரை மாற்றிச் சேர்த்து, ஃபாக் லைட் அதன் சுவிட்சுக்கே எரிய வைத்துவிட்டேன். கொஞ்சம் தெம்பு வந்தது. சாப்பிடும்போது மகளிடம், “நாளைக்கு உன்னோட பையையும் கட்டிப் பாத்துருவோம்மா. சீட்டு ஓரத்துல ஒரு தலையணை மாதிரி வெச்சுத் தாரேன், முதுகு வலிக்காது” என்றேன். “சரிப்பா” என்றாள். ரெயின்கோட் புதிது வாங்கியிருக்கிறேன் என்றேன். அதற்கும் “சரிப்பா”. நான் கத்தியதற்காகத்தான் இப்படி ஒற்றை வார்த்தையில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வண்டியை ஸ்டார்ட் செய்தால் முக்கிக்கொண்டு கிளம்பியது. மீட்டரில் வெளிச்சம் மங்குவதும் எழுவதுமாக இருந்தது. ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மூன்று வருடமாக ஒரு நாள் மக்கர் செய்யாத வண்டி. இனியும் வீம்பு பிடித்தால் ஞாயிறு போய்விடும் என்று பயம் வந்தது. நெடுங்கண்டத்துக்கு ஃபோன் போட்டேன்.

அங்கே ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர் ஒரு மலையாளி. எங்கள் ஃபேக்டரி ஜீப்புக்கும் டிராக்டருக்கும் அவர்தான் வயரிங் பார்ப்பார். நான் அவரைச் சேட்டா என்பேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தும் அவர் என்னை அண்ணா என்பார். இந்தப் பக்கத்தில் தமிழன் என்றால் எந்த வயதிலும் அண்ணன்தான். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஓடுவது எந்தப் பாஷை என்று கேட்டால் சொல்வது கஷ்டம். அவர் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒன்று பேசுவார். நான் மலையாளம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒன்று பேசுவேன். இத்தனை வருடத்தில் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

நான் முழு ராமாயணத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தகரத்தின் மேல் மழை வேறு. காதில் விரலை விட்டுக்கொண்டு ஷெட்டின் மூலையில் ஒதுங்கி நின்று கேட்டேன்.

“அண்ணா பேடிக்க வேண்டா. புதுசா பேட்டரியில கொடுத்த ஆ ரெண்டு வயர் இல்லே, சுவப்பும் கறுப்பும்? அது ரெண்டும் மாத்தி வெச்சோ. எந்நிட்டு ஸ்டார்ட் ஆக்கி நோக்கு. மனசிலாயோ?”

பயப்பட வேண்டாம், அந்த இரண்டு வயரையும் மாற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பார், புரிந்ததா என்கிறார். “மனசிலாயி சேட்டா” என்றேன். எவ்வளவு நன்றாக மனசிலாகியிருந்தது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்தது.

மாற்றி வை என்றால் என்ன? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடமாக நான் கேட்கிற வார்த்தை அது. இலை வாட்டும் தொட்டிகளின் கோடியில் ஆள் உயரத்துக்கு ஃபேன் இருக்கும். மோட்டாரை ரிப்பேர் செய்து திரும்ப மாட்டினால் சில நேரம் அது எதிர்ப்பக்கம் சுற்றும். எங்கள் எலக்ட்ரீஷியன் சத்தம் போடுவார்: “ரெண்டு வயரை மாத்தி வைடா!” இரண்டு வயரை இடம் மாற்றி முறுக்கினால் ஃபேன் சரியான பக்கம் சுற்ற ஆரம்பித்துவிடும். எத்தனை தடவை டார்ச் அடித்திருக்கிறேன். பேட்டரியில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் ஆகாதே என்று மூளையின் ஒரு மூலையில் ஏதோ முனகத்தான் செய்தது. சேட்டன் சொல்கிறார், அவருக்குத் தெரியாததா என்று அதன் வாயை அடைத்தேன். சிவப்பைக் கழற்றிக் கறுப்பு இருந்த இடத்தில் வைத்தேன். கறுப்பைச் சிவப்பு இருந்த இடத்தில் வைத்தேன்.

கறுப்பின் இன்னொரு முனையை, எர்த் என்று சொல்லி, வண்டியின் இரும்புச் சட்டத்தில் நானேதான் வெள்ளிக்கிழமை இறுக்கி முறுக்கியிருந்தேன்.

பொறி பறந்தது. கையில் இருந்த ஸ்பேனர் எங்கோ போய் விழுந்தது. அந்தக் கறுப்பு வயர் முழுவதும் மினுங்கி, உப்பி, உருகியது. டேங்குக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. கூடவே கட்டியிருந்த வண்டியின் சொந்த வயர்களின் தோலும் சேர்ந்து தீய்ந்தது. ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு பட்டை போட்டு அவ்வளவு லட்சணமாகக் கட்டியிருந்தேனே. கையில் கிடைத்த ஈரச் சாக்கைச் சுற்றி அந்த வயரைப் பிடித்து இழுத்துப் பிய்த்தேன். புகை நின்றது. சாவியைத் திருப்பினேன். மீட்டர் இல்லை, விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. வண்டி செத்துப்போயிருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். மனைவி என் கையைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரலில் கொப்புளம். மகள் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுபடி ஃபோன் போட்டேன். இந்தத் தடவை கத்தினேன். “சேட்டா, நீங்க சொன்ன மாதிரியே ரெண்டையும் மாத்தி வெச்சேன், வண்டி தீப்பிடிச்சிருச்சு!”

“எங்ஙனே மாத்தி வெச்சு?”

“செவப்ப கறுப்புலயும், கறுப்ப செவப்புலயும்!”

அந்தப் பக்கத்திலிருந்து “என்டெ பொன்னு அண்ணா!” என்று ஒரு குரல் வந்தது. “மாத்தி வெக்கான் பறஞ்ஞா, ஊரி எடுத்து சைடில வெக்கான்! அதில்லாமே வண்டி ஓடுதான்னு நோக்கான்!”

கழற்றி ஓரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார். நான் மாட்டியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, வண்டி மட்டும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் மாற்றி வைப்பது என்றால் ஒதுக்கி வைப்பது. அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சாந்தன்பாறை பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவன் நான். டீச்சர், “புஸ்தகம் மாத்தி வெக்கு” என்றால் எல்லாரும் புத்தகத்தை மூடி ஓரமாக வைப்போம். பக்கத்துப் பையனோடு மாற்றிக்கொள்ள மாட்டோம். வயர் என்றதும் என் காது ஃபேக்டரிக்குப் போய்விட்டது. அவர் அசல் மலையாள வார்த்தை ஒன்றைச் சொல்லியிருந்தால் நின்று, என்ன சேட்டா என்று கேட்டிருப்பேன். இது எங்கள் வீட்டு வார்த்தை மாதிரியே உடுத்திக்கொண்டு வந்தது, கேட்காமல் கதவைத் திறந்துவிட்டேன். சமதளத்தில் இருக்கிற தமிழன் புரியவில்லை என்று இரண்டாம் தடவை கேட்டிருப்பான், அசல் மலையாளிக்கு முதல் தடவையே சரியாகப் புரிந்திருக்கும். இரண்டும் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்துகிற எங்களுக்குத்தான் இது வாய்க்கும்.

அவர் மேல் கோபம், என் மேல் கோபம், பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டிருந்த அந்த ஆள் மேல் கோபம். நாலு மணிக்குச் சாந்தன்பாறைக்கு வேறு வேலையாக வருகிறேன், அப்போது வந்து பார்க்கிறேன் என்று சேட்டன் சொன்னார். மனைவி என் விரலுக்கு மருந்து போட்டுக்கொண்டே, “எதுக்கும் நாளைக்குக் காலையில மூணாறு போயி பஸ்ஸப் புடிக்கிற மாதிரி வெச்சுக்குவோங்க. வண்டி சரியாச்சுன்னா பாத்துக்கலாம்” என்றாள். “பரவாயில்லப்பா, விடுங்க” என்றாள் மகள். பிள்ளை ஆசையை விழுங்கிக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்கிறாளே என்று நினைத்தேன். எப்படியாவது அவளை வண்டியில் கொண்டுபோகாமல் விடுவதில்லை என்று சாப்பிடாமல்கூட மறுபடி ஷெட்டுக்குப் போய், தீய்ந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டேப் சுற்ற ஆரம்பித்தேன்.

எங்கள் ஷெட்டுக்கும் சமையலறைக்கும் இடையில் ஒரே சுவர். அதில் புகை போக ஒரு சின்ன ஜன்னல். வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு என்னைத் தெரியாது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அம்மாவும் மகளும் ஹாஸ்டலுக்கு ஊறுகாய் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அப்பாடா” என்றாள் மகள். “எப்பிடிச் சொல்றதுன்னு ஒரு மாசமா முழுங்கிட்டிருந்தேன்ம்மா. வண்டியே சொல்லிருச்சு.”

“மெதுவாப் பேசு” என்றாள் அவள் அம்மா.

“ஏழு மணி நேரம்மா. போன தடவை போடிக்கு வண்டியில போயிட்டு வந்ததுக்கே மூணு நாள் இடுப்பப் புடிச்சுக்கிட்டு நடந்தேன். மழையில நனைஞ்ச கோழி மாதிரி போயி ஹாஸ்டல்ல இறங்குனா, முத நாளே எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. பத்தாவது படிக்கிறப்ப ஏதோ சொன்னேன், அத அப்பா புடிச்சுக்கிட்டாரு. எனக்காக விரலெல்லாம் சுட்டுக்கிட்டு கெடக்காரு. வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?”

டேப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது கோபம்தான். மூன்று நாள் லீவு, முட்டி வலி, கொப்புளம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஏன் இதில் கை வைத்திருக்கப் போகிறேன்? எழுந்து போய் ஜன்னல் வழியாகவே கேட்டுவிடலாமா என்று இருந்தது. பிறகு எப்படிச் சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். ஒரு கிண்டல் செய்ததற்கே வெள்ளிக்கிழமை நான் என்ன கத்து கத்தினேன். கோபம் போன பிறகு வந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது. பயணம் தடைப்பட்டதில் அவளுக்கு ஆசை ஒன்றும் உடையவில்லை. ஆசை என்னுடையது மட்டும். மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது நான் ஒருவன்தான்.

நாலரை மணிக்குச் சேட்டன் ஜீப்பில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் கை எடுத்துக் கும்பிட்டார். “மாத்தி வெச்சோன்னு இனி நான் ஆரோடும் பறயில்லா” என்றார். யாரிடமும் சொல்ல மாட்டாராம். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் குனிந்து பத்து நிமிடம் பார்த்தார். நான் டேப் சுற்றியதைப் பிரித்து, நான்கு வயரை வெட்டி ஒட்டுப் போட்டார். சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்பு மூடியைத் திறந்து, நகத்தளவு ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். நடுவில் கருகியிருந்தது. பக்கத்திலேயே வண்டிக் கம்பெனிக்காரன் மாற்று ஃபியூஸ் ஒன்றைச் செருகி வைத்திருக்கிறான். மூன்று வருடமாக அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. அதை எடுத்து மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். மீட்டர் பளிச்சென்று எரிந்தது. காலையில் அணைந்து அணைந்து எரிந்ததற்குக் காரணம், பேட்டரி முனையில் அந்தச் சதுர நட்டை நான் சரியாக முறுக்காமல் விட்டதுதான். அதையும் இறுக்கிவிட்டார்.

“சிம்பிள் அண்ணா. இனி ஸ்டார்ட் ஆக்காம்” என்று பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். “வேண்டாம் சேட்டா. ஸ்டார்ட் பண்ணாதீங்க.”

“எந்தே? வண்டி ஓகே ஆணு.”

“தெரியும். சத்தம் கேட்டுரும்.” சாவியை அணைத்தேன். இப்போதுதான் மாட்டிய ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். “சரியாகலன்னு சொல்லுங்க. ஏதாச்சும் சாமான் வரணும்னு சொல்லுங்க. அப்பறமா விவரம் சொல்றேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தத் தடவை நான் சொன்னதை வேறு மாதிரி புரிந்துகொண்டுவிடுவாரோ என்று பயந்தேன். அதற்குள் மகள் இரண்டு கிளாஸில் டீயோடு ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

“சரியாயிருச்சாப்பா?”

நான் சேட்டனைப் பார்த்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “இல்ல மோளே. ஒரு சாமான் வரணும். அது இவிடே கிட்டாது” என்றார்.

அவள் அவருக்கு டீயைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். உருகிய வயரை எடுத்துப் பார்த்தாள். கட்டுப் போட்ட என் விரலைப் பார்த்தாள்.

“ஏம்ப்பா, ஒரு நாள் லேட்டாப் போனா ஹாஸ்டல்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் வேணா ஃபோன் பண்ணிச் சொல்லிர்றேன். சாமான் வந்ததும் நாம வண்டியிலயே போலாம்.”

ஜன்னல் வழியாக வந்த குரலும் இதே குரல்தான். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

“சாமான் வர பத்து நாளாகும்மா” என்றேன். “நீ காலையில அம்மாவோட பஸ்ஸுல போயிரு.”

“அய்யய்யோ, ச்சே” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். என் மகள் நன்றாகவே நடிக்கிறாள். ஃபியூஸ் இருந்த கையை மூடியபடியே, இடது கையை நீட்டி அவளிடமிருந்து டீயை வாங்கிக்கொண்டேன்.